ரெண்டாவது ரவுண்டுல வலது கை

முதல்ல எல்லாரும் என்னை மன்னிச்சுக்கணும். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். என் எழுத்து ஒரு பக்கமா சாயும். முன்னாடி நடந்தது பின்னாடி வந்துடும், பாதி மறந்தும் போச்சு. நாலு பேர் எதிர்ல பேசச் சொன்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வாய் வராது, உங்களுக்கே தெரியும். அதான் நோட்டுல எழுதுறேன், மருமக அதைப் போன்ல தட்டித் தர்றா. ராயபுரத்துல என்கூட வளர்ந்தவங்க படிச்சா போதும். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு பொய் சொன்னேன். அதைப் பத்தித்தான் எழுதுறேன்.

அது ஒரு மழைக்காலம். நான் நாலாவது படிச்சேன். கல்லறைத் திருநாளுக்கு ஏத்தி வெச்ச மெழுகுவர்த்தி ஒண்ணுகூட நிக்கல, அப்படி ஒரு மழை. கட்டுமரமெல்லாம் மணல்ல கவுந்து கிடந்துச்சு. கப்பலுங்க தூரத்துலயே நின்னுச்சு. மூட்டை நனையும்னு ஹார்பர்ல பாதி நாள் வேலை இல்லை. வேலை இல்லாத ஆம்பளைங்க எல்லாரும் பாய் டீக்கடையில வந்து உக்காந்துடுவாங்க. சுருட்டுப் புகை, ஈரச் சட்டை, வேகிற பால், எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும்.

எங்க வீட்ல ரெண்டு பேர் குத்துச்சண்டை போடுறவங்க. ஒருத்தர் நைனா. அப்பாவை நாங்க நைனான்னுதான் கூப்பிடுவோம். ஹார்பர்ல மூட்டை இழுக்குற வின்ச் ஓட்டினாரு. ஒல்லி. சின்ன எடையில அவரை அடிக்க எங்க பக்கம் ஆள் இல்லை. இன்னொருத்தர் அம்மாவோட தம்பி, என் மாமா. அவர் பெரிய எடை. எங்க வீட்டு வாசல்ல குனிஞ்சு, பக்கவாட்டுல திரும்பித்தான் உள்ள வருவாரு. கிரேன் ஓட்ட அவரை அப்பத்தான் எடுத்திருந்தாங்க. கிரேன் ஓட்டுறவருக்குக் கண்ணு நல்லா இருக்கணும், டாக்டர் பார்த்துத்தான் எடுப்பாங்க. எங்க சாதி சனத்துல முதல் கிரேன் டிரைவர் அவருதான்னு அம்மாவுக்கு ரொம்பப் பெருமை.

மாமாவுக்கு சாப்பாடு எங்க வீட்லதான். மழையில கிளவுஸ் காயாதுன்னு ரெண்டு ஜோடியையும் அம்மா அடுப்புக்கு மேல கயிறு கட்டி மாட்டி வெப்பாங்க. ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் கிளவுஸ். தோலும் வேர்வையும் விளக்கெண்ணெயும் சேர்ந்து புகையில வாடை அடிக்கும். நைனா கிளவுஸ் என் கை அளவுக்குக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மாமாவோடது தலகாணி. நான் அதுக்குள்ள முகத்தை விட்டு மூச்சு இழுப்பேன். அந்தக் கிளவுஸெல்லாம் அப்புறம் எங்க போச்சுன்னு தெரியல.

பாய் கடைச் சுவத்துல கப்பல்காரன் யாரோ குடுத்த இங்கிலீஷ் புஸ்தகத்துலேர்ந்து வெட்டின கலர் படங்க இருக்கும். மைதா பசை தடவி ஒட்டினது. அமெரிக்காக்காரர் ஒருத்தர், பெரிய எடையில உலகத்துக்கே முதல் ஆள். அவர் பக்கத்துல வேற ஏதோ தேசத்துக்காரர், சின்ன எடையில முதல் ஆள். படத்துல சின்னவர் தலை பெரியவர் இடுப்புக்குத்தான் வரும். அந்த மழைக்காலம் பூரா இதே பேச்சுதான்: இவரும் அவரும் மோதினா யாரு ஜெயிப்பாங்க?

"பெர்சு ஒரு குத்து வுட்டா சின்னது எண்ணூர்ல போயி வுயும்பா."

"குத்து பட்டாத்தான வுயும்? அது எங்க நிக்கிது, படறதுக்கு? நீ இந்தாண்ட குத்துனா அது அந்தாண்ட கீது."

"இன்னா மாமு பேசற? எத்தினி நேரம் ஓடும்? கயித்தத் தாண்டி கடலுக்கா ஓடும்?"

பாய் டீயை ஆத்திக்கிட்டே சொல்லுவாரு: "அமெரிக்காக்காரன் வந்து உன் டீயக் குடிக்க மாட்டான்பா. ஆறுது, எடு."

வீட்டுக்கு டீ வாங்கத் தூக்கோட போற நான் பெஞ்சுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்பேன். எனக்குத் தூக்கை முன்னாடி நீட்டிக் கேட்டு வாங்கத் தெரியாது. பாய் பார்த்தாத்தான் டீ. அதனால ரொம்ப நேரம் நிக்க வேண்டி வரும்.

அந்தச் சண்டைக்கு ஒரு வழி பண்ணவரு டேலிக்காரர். கப்பல்லேர்ந்து இறங்குற மூட்டையைச் சாக்பீஸால கோடு போட்டு எண்ணுறது அவர் வேலை. நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. வாழ்க்கையில ஒரு நாள் கிளவுஸ் போட்டதில்லை. ஆனா பேசினா எல்லாரும் கேட்பாங்க, ஏன்னா அவர் எண்ணினது தப்பினதே இல்லை.

"சும்மா கத்தாதீங்கடா. மூட்டய எட போடச் சொல்லோ சாக்கு எடய கயிக்கிறோமா இல்லியா? கயிச்சாத்தான் உள்ள இருக்கிற சரக்கு எத்தினின்னு தெரியும். மன்சனும் அப்டித்தான். பெரிய ஆளாண்ட ஜாஸ்தியா கீற எடய கயிச்சிட்டு மோத வுடு. அப்ப தெரியும் எவன் குத்து குத்துன்னு."

ஹார்பர் ஆளுங்களுக்கு இது பைபிள் வாக்கு மாதிரி ஆயிடுச்சு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கழிவு போட்டுத்தானே அவங்க பிழைப்பு. மனுஷன் எடையைச் சாக்கு மாதிரி உரிச்சு எடுத்துடலாம்னு முப்பது பேர் நம்பினாங்க. இப்ப நினைச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு. அன்னிக்கு நானும் நம்பினேன்.

டேலிக்காரர் அஞ்சு கிலோ வித்தியாசத்துக்கு ஒரு கழிவு வெச்சாரு. முதல் கழிவுன்னா பெரியவர் தடி கிளவுஸ் போடணும். ரெண்டுன்னா சின்னவர் மெல்லிசு கிளவுஸ் போட்டுக்கலாம். மூணு வந்தா பெரியவர் முகத்துல குத்தக் கூடாது. நாலாவது கழிவுக்கு முதல் ரவுண்டுல பெரியவர் வலது கையை உபயோகிக்கக் கூடாது, அந்தக் கையால தன் டிராயர் பட்டியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். அஞ்சுக்கு ரெண்டாவது ரவுண்டுலயும் அப்படியே. ஆறாவது கழிவு என்னன்னு யாரோ கேட்டதுக்கு, "பெரியவன் வூட்லயே படுத்துடணும்"னு பாய் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

இந்தக் கணக்குல அமெரிக்காக்காரர் சுவத்துலயே நாலு தடவை தோத்தாரு. அப்புறம் செத்துப்போனவங்க, கிழவனுங்க, சாத்தாங்காட்டு ஆளுங்க, புழல் பக்கத்து ஆளுங்கன்னு எல்லாரையும் மோத விட்டாங்க. ஆள் தீர்ந்துபோச்சு. கடைசியில ஒருத்தர் கேட்டாரு: "ஏம்பா, ஒரே வூட்ல ரெண்டு பேரு சோறு துன்னுகினு கீறாங்களே, அவங்க மோதினா?"

நைனா அப்பத்தான் டீயைக் கையில வாங்கினாரு. மாமாதான் விளையாட்டா வாய் விட்டுட்டாரு. "இன்னா மாமு, உன்னோட மோதணுமா? நான் தும்முனா நீ பறந்து போயி கோயில் மணியில மாட்டிக்குவியே!"

கடை பூரா சிரிச்சுச்சு. பாய்கூட சிரிச்சுட்டாரு. நைனா டீயைக் குடிக்காம வெச்சுட்டு எழுந்து வந்துட்டாரு. அன்னிக்கு வீட்ல சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல. வீட்டுக்கு வந்த மாமாகிட்ட, "ஞாயித்துக்கெயம பூசை வுட்டதும் கூட்ஸ் ஷெட்டுக்கு வா மச்சான்"னு மட்டும் சொன்னாரு.

"ஐய, நான் சும்மா சொன்னேன் மாமு."

"நான் சும்மா சொல்லல."

அம்மா ரெண்டு பேரையும் திட்டினாங்க. "ஈயும் எருமையும் சண்ட போட்டா எது கெலிக்கும்? எருமை வாலத்தான் ஆட்டும். இதுக்கு ஒரு கூட்டம், இதுக்கு ஒரு கணக்கு. த்தூ." திட்டிட்டு என்கிட்ட வந்து மெதுவா, "உங்க நைனாவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கோ"ன்னாங்க. எங்க எல்லாருக்குமே நைனாவை நினைச்சுத்தான் பயம். மாமாவுக்காக யாரும் வேண்டிக்கல. இவ்வளவு பெரிய ஆளுக்கு என்ன வேண்டுறது?

ஞாயித்துக்கிழமை கூட்ஸ் ஷெட்ல நல்ல கூட்டம். தகரக் கூரையில மழை விழுற சத்தத்துல பேசுறதே கேட்கல. மூட்டை எடை போடுற தராசு ஒரு மூலையில இருந்துச்சு. அதோட முகம் பெரிய கடிகாரம் மாதிரி, ஒரே ஒரு முள். ஆனா அது சுவத்தைப் பார்த்து இருந்துச்சு. முன்னாடி அரிசி மூட்டை அடுக்கியிருந்தாங்க. ஒரு சின்ன உடம்புதான் இடுக்குல நுழைஞ்சு முள்ளைப் பார்க்க முடியும்.

"யாராவது கொயந்தய கூப்புடு"ன்னாரு டேலிக்காரர். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சீட்டு எடுக்கறதா இருந்தாலும் பங்கு பிரிக்கறதா இருந்தாலும் குழந்தையைத்தான் கூப்பிடுவாங்க. குழந்தை கை சுத்தம், குழந்தை பொய் சொல்லாது. "இது படிக்கிற பொண்ணு, நம்பரு தெரியும். பேசவே பேசாது, பொய்யா பேசப் போவுது?"ன்னு பாய்தான் என்னை முன்னாடி தள்ளினாரு.

நான் இடுக்குல நுழைஞ்சேன். முதல்ல நைனா ஏறினாரு. முள் ஆடி ஆடி அம்பத்தொம்பதுல நின்னுச்சு. "அம்பத்தொம்பது"ன்னேன். என் குரல் வெளிய கேட்கல. "சத்தமா சொல்லு கண்ணு"ன்னாங்க. திரும்பச் சொன்னேன். டேலிக்காரர் சுவத்துல எழுதினாரு.

அப்புறம் மாமா ஏறினாரு. தராசே முனகுச்சு. முள் எண்பத்தி மூணுல நின்னுச்சு. எண்பத்தி நாலுக்கு ஒரு கோடு பாக்கி. அஞ்சாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழா தெரியும். அம்பத்தொம்பதும் இருபத்தஞ்சும் எண்பத்தி நாலு. எண்பத்தி மூணுன்னா நாலு கழிவு. எண்பத்தி நாலுன்னா அஞ்சு. நைனாவுக்கு இன்னும் ஒரு ரவுண்டு அந்த வலது கைகிட்டேர்ந்து தப்பிச்சுக்கலாம்.

"எண்பத்தி நாலு."

இந்தத் தடவை ஒரே தடவையில எல்லாருக்கும் கேட்டுச்சு.

முதல் ரவுண்டுல ஒண்ணும் நடக்கல. மாமா வலது கையால டிராயர் பட்டியைப் பிடிச்சுக்கிட்டு, இடது கையால ஈ ஓட்டற மாதிரி ஓட்டிக்கிட்டிருந்தாரு. சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. ஜனம் கேலி பண்ணுச்சு. "இன்னா கிரேனு, டிராயர் அவுந்துடுமா?" நைனா சிரிக்கல. ரெண்டு நாள் சாப்பிடாத முகம்.

ரெண்டாவது ரவுண்டுல நைனா மாமாவோட வலது பக்கமாவே போனாரு. அந்தப் பக்கம் தடுக்கக் கை இல்லை. மெல்லிசு கிளவுஸ். நான் அரிசி மூட்டை மேல உக்காந்து பார்த்தேன். எத்தனை குத்துன்னு தெரியாது. மழைச் சத்தத்துல குத்துச் சத்தம் கேட்கல, அதனால நிஜமா படுற மாதிரியே இல்லை. மாமா பட்டியை விடவே இல்லை. கணக்குன்னா கணக்கு. முட்டி போட்டு உக்காந்தபோதுகூட வலது கை பட்டியிலதான் இருந்துச்சு. அவர் முகத்துல வலது கண்ணு இருந்த இடத்துல ஒரு ஊதாக் கட்டி இருந்துச்சு.

கூட்டம் நைனாவைத் தோள்ல தூக்கிடுச்சு. டேலிக்காரர் சுவத்துல ஒரு பெரிய குறுக்குக் கோடு போட்டாரு.

அன்னிக்கு யாராவது மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கணும். யாருக்கும் தோணல. வீக்கம்தானே, வடிஞ்சுடும்னாங்க. மீன் மார்க்கெட்டுலேர்ந்து ஐஸ் வாங்கி வந்து அம்மா துணியில கட்டி வெச்சாங்க. மீன் வாசனை அடிக்கிற ஐஸ். பத்து நாள்ல வீக்கம் வடிஞ்சுது. எல்லாருக்கும் நிம்மதி. "பக்கத்துல ஏதோ திரை போட்டாப்ல கீதுக்கா"ன்னு மாமா சொன்னதை அம்மா பெரிசா எடுத்துக்கல. கிறிஸ்துமஸ் முடிஞ்சு கண் டாக்டர்கிட்ட போனப்ப, உள்ள ஏதோ கழண்டுபோச்சு, முன்னாடியே வந்திருந்தா பார்த்திருக்கலாம்னு சொல்லிட்டாரு. மாமாவுக்குக் கிரேன் போச்சு. ஷெட்ல மூட்டை அடுக்குற வேலை குடுத்தாங்க.

நைனா அதோட கிளவுஸைத் தொடல. மாமாவும் அவரும் எப்பவும் போல ஒரே தட்டுல மீனைப் பங்கு போட்டுச் சாப்பிட்டாங்க. சண்டை மனஸ்தாபம் ஒண்ணும் கிடையாது. ஆனா ஊரு விடல. எந்த எடையில எந்த ஆள் பெரிய ஆள்னு பேச்சு வந்தா, "எடை கிடையெல்லாம் வுடுப்பா, பெர்சையே சாய்ச்ச சின்ன எடை நம்ம ஆளு"ன்னு நைனாவைத்தான் சொல்லுவாங்க. அவர் செத்தப்ப பேனர்லயும் அதையே போட்டாங்க. மாமா அந்தப் பேனருக்குக் கீழதான் சேர் போட்டு உக்காந்திருந்தாரு. எல்லாரையும் கும்பிட்டு அனுப்பி வெச்சாரு. நான் உள்ள பொம்பளைங்களோட இருந்தேன். அன்னிக்காவது சொல்லியிருக்கலாம். வாய் வரல.

போன மாசம் எம்.கே.பி. நகருக்குப் போனேன். மாமா அங்க மக வீட்ல இருக்காரு. எண்பத்தி அஞ்சு வயசாகுது, நடக்க முடியாது. சேர்ல உக்கார வெச்சா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. அவர் மக கடைக்குப் போயிருந்தா. நானும் அவரும்தான். ஏன் அன்னிக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. மிக்சர் தட்டை அவர் மடியில வெச்சுட்டு, முள் எண்பத்தி மூணுலதான் நின்னுச்சு, நான்தான் கூட்டிச் சொன்னேன்னு சொல்லிட்டேன்.

மாமா மிக்சரைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

"எம்பத்தி மூணா?"

"ஆமா மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"பார்த்தேன் மாமா. நைனாவுக்கு அடி படக் கூடாதுன்னுதான்…"

"அத்த வுடு. அப்ப நாலு கயிவுதான்."

"ஆமா."

"அப்ப ரெண்டாவது ரவுண்டு எனுக்கு ரைட்டு உண்டு."

தட்டை எடுத்து என்கிட்ட குடுத்தாரு. சேர்ல நிமிர்ந்து உக்காந்தாரு. இடது கையை முன்னாடி வெச்சு, வலது கையைத் தாடைகிட்ட கொண்டு வந்தாரு. அந்தக் கை இப்ப வெறும் எலும்பு, நரம்பு தெரியுது.

"உங்க நைனா இப்டி வருவான். குனிஞ்சிகினு வருவான். லெப்ட்ட காட்டிட்டு இந்தாண்ட பூருவான். நான் அசைய மாட்டேன். வருவான்… வருவான்…" கை சட்டுன்னு போய் வந்துச்சு. மூச்சு வாங்கினாரு. "நெஞ்சுல. மூஞ்சில தொடக் கூடாதுல்ல, மூணாவது கயிவு கீதே. நெஞ்சுல ஒண்ணு."

"நைனா?"

"குந்திட்டான்"னாரு. அப்புறம் பத்து வரைக்கும் எண்ணினாரு. ஒண்ணு ஒண்ணா, அவசரமே இல்லாம. "எயுந்துக்கல."

பரவாயில்ல கண்ணு, சின்னப் பிள்ளையில தெரியாம செஞ்சதுன்னு சொல்லுவாருன்னு நினைச்சுட்டுத்தான் போனேன். அப்படி ஒண்ணும் சொல்லல. கண்ணைப் பத்தியும் பேசல, கிரேனைப் பத்தியும் பேசல. மக திரும்பி வந்ததும், "நான் கெலிச்சிட்டேன்டி"ன்னாரு. அவளுக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் பஸ் வர்ற நேரம் ஆயிடுச்சு. வாசல்ல செருப்பு போடும்போது கூப்பிட்டு, "ரெண்டாவது ரவுண்டு நாக்-அவுட்டு. எல்லாருக்கும் தெரியற மாதிரி எயுதிப் போடு"ன்னாரு. எழுதிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. அம்பத்தொம்பதுக்கும் எண்பத்தி மூணுக்கும் வித்தியாசம் இருபத்தி நாலு. நாலு கழிவு போக நாலு கிலோ மீதி வரும். அந்த மீதியை டேலிக்காரர் விட்டுடுவாருன்னு நினைச்சுத்தான் நான் பொய் சொன்னேன். ஆனா ஹார்பர்ல கிழிஞ்ச மூட்டையையும் ஒரு மூட்டையாத்தான் எண்ணுவாங்கன்னு நைனா சொல்லிக் கேட்டிருக்கேன். மீதியையும் சேர்த்து ஒரு கழிவாப் போடுறதுதான் டேலிக்காரர் வழக்கமா இருந்தா, நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அஞ்சு கழிவுதான். மாமாவுக்கு ரெண்டாவது ரவுண்டுல வலது கை கிடையாது.

அன்னிக்கு ஷெட்ல இருந்தவங்க, பாய் கடையில அந்தக் கணக்கைக் கேட்டவங்க யாராவது இருந்தா யோசிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. மீதியை விட்டுடுவாருன்னா எல்லாருக்கும் சொல்லலாம். சேர்த்துத்தான் போடுவாருன்னு ஞாபகம் வந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எம்.கே.பி. நகருக்குப் போன் போட வேண்டாம்.